வீட்டு விளக்கும் வானத்து மின்தாக்கும்

மின்விளக்கின் ஒளியிலே அமர்ந்திருப்போர் அவ்வொளியை நினைப்பதுண்டு. அதனைச் சுமந்து வரும் கம்பியை நினைப்பது அரிது. சுவரினுள் மறைந்தும், கூரையின்மேற் படர்ந்தும், தெருக் கம்பங்களில் தொங்கியும், மலைகளையும் வயல்களையும் கடந்தும் அக்கம்பி செல்கின்றது. மின்சாரத்தை நம்மிடம் கொண்டுவரும் இக்கம்பியே, நாம் வேண்டாத மின்சாரத்தையும் வீட்டினுள் அழைத்துவர வல்லது. வானத்தில் எழும் பேராற்றல் ஒன்று, எவரும் இணைக்காமலே கம்பிகளைப் பற்றிக்கொண்டு, அவற்றிலே மின்னோட்டத்தை எழுப்பிக் கருவிகளை அழித்துவிடும். இதனையே இக்காலத்தார் மின்காந்தத் துடிப்பு என்பர். மின்னலும் சூரியனும் அணுகுண்டும் இதற்குக் காரணமாகும். இத்தாக்கினை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றையும், வீட்டு மின்சாரத்தைக் காக்க அவ்வரலாறு காட்டும் வழிகளையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இடிதாங்கியின் பாடம்

வானத்து மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்பதை நிலைநாட்ட முயன்றவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின். அவர் எழுதிய முறைப்படி, 1752ஆம் ஆண்டு மே மாதத்தில், பிரான்சு தேசத்திலே நெடிய இரும்புக்கோல் ஒன்றை நிறுத்தி மேகத்திலிருந்து மின்பொறியைப் பெற்றனர். அடுத்த ஆண்டிலே, உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேக் நகரில், யோர்ச் றிச்மன் என்னும் பேராசிரியர் அத்தகைய கோலொன்றைத் தம் இல்லத்துக் கூரையில் நாட்டி, அதிலிருந்து கம்பியொன்றை அறையினுள் இழுத்து மின்சாரத்தை அளக்க முற்பட்டார். அக்கம்பி நிலத்துடன் தொடுக்கப்படவில்லை. இடிமுழக்கம் கேட்டு அளவுகருவியின் அருகிற் சென்றவர் அவ்விடத்திலேயே மாண்டார்.

பிராங்கிளினின் கோலும் றிச்மனின் கோலும் இரும்பே. ஒன்று மின்னலுக்கு நிலத்துள் இறங்க வழிவிட்டது. மற்றையது வழிவிடாமல் வீட்டினுள் நிறுத்தியது. பிற்காலத்து மின்காப்பு முறைகள் யாவற்றுக்கும் இவ்வேறுபாடே அடிப்படையாயிற்று. வந்த மின்சாரத்தை நிறுத்த முயல்வதினும், அது தீங்கின்றிச் செல்லக் குறுகிய நேர்வழி ஒன்றை அமைத்துக் கொடுப்பதே அறிவுடைமை. நம் வீடுகளில் எர்த் கம்பி எனப்படுவது அவ்வழியேயாம்.

நோயையும் மருந்தையும் கண்டவர்

காந்தப்புலம் மாறுமாயின் அருகிலுள்ள கம்பியில் மின்னோட்டம் எழும் என்பதை 1831ஆம் ஆண்டிற் கண்டவர் இங்கிலாந்தின் மைக்கேல் பரடே. மின்பிறப்பாக்கியும் நிலைமாற்றியும் இவ்வுண்மையிலிருந்து பிறந்தவையே. மின்காந்தத் துடிப்பு நம் கம்பிகளைத் தாக்குவதும் இதே விதிப்படியே. ஊருக்கு ஒளிதரும் விதியே ஊரை இருளாக்கவும் வல்லது.

அதே பரடே, 1836ஆம் ஆண்டளவிலே, இலண்டன் றோயல் நிறுவனத்தில் பன்னிரண்டு அடிச் சதுரமான மரச்சட்டக் கூடொன்றை அமைத்து, அதனைக் கம்பியாலும் உலோகத் தகட்டாலும் சுற்றி, வெளியிலிருந்து வலிய மின்சாரத்தை ஏற்றச் செய்து, தாம் அதனுள்ளே சென்றிருந்தார். கூட்டின் வெளிப்புறத்தில் பொறிகள் பறந்தன. உள்ளேயிருந்தவரின் நுண்ணிய கருவிகள் சிறிதும் அசையவில்லை. எப்புறமும் மூடிய உலோகத்தின் அகத்தே வெளி மின்சாரம் புகாது என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் தோன்றவிருந்த நோய்க்கு மருந்து அன்றே ஆயத்தமாயிற்று.

சூரியன் அனுப்பிய மின்சாரம்

1859ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாந் திகதி, இங்கிலாந்தில் றெட்ஹில் என்னும் ஊரில், றிச்சாட் கரிங்ரன் என்ற வானியலறிஞர் சூரியனின் களங்கங்களை வரைந்துகொண்டிருந்தார். களங்கக் கூட்டமொன்றின்மீது கண்ணைப் பறிக்கும் வெள்ளொளி தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்தது. ஒரு நாளும் முழுமையாகக் கழியவில்லை. வடதிசைக்குரிய வானச்சோதி வெப்ப மண்டலத்து வானத்திலும் காணப்பட்டது. உலகின் பலவிடங்களிலே தந்திக் கருவிகள் கட்டுக்கடங்காமற் போயின. சில நிலையங்களில் தீப்பொறி கிளம்பிற்று; தந்தியாளர் மின்னதிர்ச்சி பெற்றனர். அமெரிக்காவில் பொஸ்ரன் நகருக்கும் போட்லண்ட் நகருக்கும் இடையில் வேலைசெய்தவர்கள் தமது பற்றரிகளைக் கழற்றிவிட்டு, வானம் தந்த மின்சாரத்தினாலேயே நெடுநேரம் செய்தி அனுப்பினர்.

அக்காலத்தில் வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. நியூயோர்க் நகரத்திலே எடிசன் தமது மின்னிலையத்தைத் தொடங்கியது 1882ஆம் ஆண்டிலேயே. ஆகையாற் சூரியப் புயலினால் தந்தி நிலையங்களே அல்லற்பட்டன; குடிமக்கள் வானத்து வண்ணங்களை வியந்துவிட்டு உறங்கச் சென்றனர். நீண்ட கம்பி எங்குண்டோ அங்கேதான் ஆபத்து என்ற உண்மையை அன்றே உணர்ந்திருக்கலாம். உணராமலே உலகம் எங்கணும் கம்பியை நீட்டிற்று.

இருண்ட தெருவிளக்குகள்

அணுகுண்டு தோன்றியபோது இவ்வரலாறு புதியதொரு திருப்பத்தை அடைந்தது. 1945ஆம் ஆண்டு யூலை 16ஆந் திகதி நியூ மெக்சிக்கோ பாலைவனத்தில் முதற்குண்டு வெடிக்கப்பட்டது. வெடிப்பினால் மின்காந்தக் குழப்பம் எழும் என்பதை என்றிக்கோ பேர்மி எதிர்பார்த்திருந்தார். அளவுகருவிகளின் கம்பிகள் உலோக உறையிடப்பட்டன. ஆயினும், குண்டு விண்வெளியிலே வெடித்தால் யாது நிகழும் என்பதை அன்று எவரும் செம்மையாக அறிந்திலர்.

1962ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பசுபிக் சமுத்திரத்திலுள்ள ஜோன்ஸ்ரன் தீவிலிருந்து, 14 இலட்சம் தொன் வெடிமருந்துக்கு ஒப்பான குண்டொன்றை அமெரிக்கர் றொக்கற்றில் ஏற்றி, 400 கிலோமீற்றர் உயரத்தில் வெடித்தனர். 'ஸ்ரார்பிஷ் பிறைம்' என்பது அப்பரிசோதனையின் பெயர். ஹவாய்த் தீவுகளில் அப்பொழுது யூலை 8ஆந் திகதி இரவு பதினொரு மணி. காட்சியைக் காண மக்கள் விடுதிகளின் மொட்டைமாடிகளிலே கூடியிருந்தனர். இரவு பகல்போல் ஒளிர்ந்து, பின் வானம் பச்சையும் சிவப்புமாக மாறியது.

வெடித்த இடத்துக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் இடையே ஏறக்குறைய 1,450 கிலோமீற்றர். சத்தமோ காற்றோ வெப்பமோ அவர்களைத் தீண்டவில்லை. எனினும் அக்கணத்திலே ஒவாகூ தீவில் ஏறத்தாழ 300 தெருவிளக்குகள் அணைந்தன. கள்வரை அறிவிக்கும் மணிகள் கள்வரின்றியே ஒலித்தன. காவாய் தீவுடனான தொலைபேசித் தொடர்பு நின்றது. துடிப்பின் வலிமையை அளக்க வைத்த கருவிகள் பல அளவின் எல்லையைக் கடந்து பயனற்றுப் போயின. அணைந்த விளக்குகள் நீண்ட கம்பியொன்றிலே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை என்பதையும், அவற்றின் உருகிகளே பழுதுற்றன என்பதையும் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். இங்கும் நீண்ட கம்பியே ஆபத்தை வாங்கிற்று.

கசகஸ்தான் கண்ட துன்பம்

அதே ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி. கியூபாவிலே சோவியத் ஏவுகணைகள் உள்ளன என்று அமெரிக்க சனாதிபதி கென்னடி உலகுக்கு அறிவித்த நாள் அதுவே. அந்நாளிலே சோவியத் ஒன்றியத்தார் மூன்று இலட்சம் தொன் வெடிமருந்துக்கு ஒப்பான குண்டொன்றைக் கசகஸ்தானின் மேலே, 290 கிலோமீற்றர் உயரத்தில் வெடித்தனர். அமெரிக்கரின் குண்டிலும் இது பன்மடங்கு சிறியது. ஆனால் இது கடலின்மேல் வெடிக்கவில்லை; மக்கள் வாழும் நிலத்தின்மேல் வெடித்தது.

கீழே 570 கிலோமீற்றர் நீளமான தொலைபேசிக் கம்பியொன்று சென்றது. அதில் எழுந்த மின்னோட்டம் சில பகுதிகளில் ஆயிரக்கணக்கான அம்பியரை எட்டியது. பாதுகாப்புக்கென வைத்த கருவிகளும் உருகிகளும் ஒருங்கே அழிந்தன. ஆயிரம் கிலோமீற்றர் நீளமான மின்வடமொன்று, மூன்றடி ஆழத்தில் மண்ணினுள் உலோகக் கவசத்துடன் புதைக்கப்பட்டிருந்தும், தப்பவில்லை. கரகண்டா நகரத்து மின்னிலையம் தீப்பற்றியதென்றும் சோவியத் அறிஞர் பின்னர் எழுதினர். இவையெல்லாம் பிறநாட்டாருக்குத் தெளிவாகத் தெரிய வந்தது, முப்பது ஆண்டுகள் கழிந்து சோவியத் ஒன்றியம் மறைந்த பின்னரேயாகும். தம் தலைக்கு மேலே நிகழ்ந்தது யாதென்பதை அறியும் உரிமை அந்நிலத்து மக்களுக்கு நெடுங்காலம் வழங்கப்படவில்லை. இதனை நாம் மறத்தலாகாது.

துடிப்பின் மூன்று முகங்கள்

அமெரிக்க அறிஞர் கொன்றாட் லொங்மயர் இதன் காரணத்தை விளக்கினார். விண்வெளியில் வெடித்த குண்டின் காமாக் கதிர்கள் கீழ்நோக்கிப் பாய்ந்து, மேல்வளியின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிய்த்து எறிகின்றன. அவ்விலத்திரன்கள் பூமியின் காந்தப்புலத்தாற் சுழற்றப்படுகின்றன. அச்சுழற்சியிலிருந்தே துடிப்பு எழுகின்றது. குண்டு உயரத்தில் இருப்பதால், அங்கிருந்து நேராகத் தெரியும் நிலப்பரப்பு முழுவதும் ஒரே கணத்தில் அதற்கு இலக்காகும்.

அத்துடிப்புக்கு மூன்று முகங்கள் உண்டு. முதலாவது மிக விரைந்தது. ஒரு செக்கனின் நூறு கோடிக் கூறுகளில் ஒருசில கூறுகளுக்குள் உச்சத்தை அடையும். அது குறுகிய கம்பிகளையும் பற்றி, நுண்ணிய மின்னணுக் கருவிகளை அழிக்கும். இரண்டாவது மின்னலின் தாக்கை ஒத்தது. மூன்றாவது மெதுவானது, செக்கன்களாகவும் நிமிடங்களாகவும் நீடித்து, நெடுந்தூரக் கம்பிகளிற் புகுந்து, பெரிய நிலைமாற்றிகளைச் சூடேற்றிக் கெடுக்கும்.

சூரியப் புயல் இம்மூன்றாம் முகத்தை மட்டுமே உடையது. 1989ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி அதிகாலையிலே கனடாவின் கியூபெக் மாகாணத்து மின்வலையமைப்பு முழுவதும் சூரியப் புயலினால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் வீழ்ந்தது. அறுபது இலட்சம் மக்கள் ஒன்பது மணிநேரம்வரை இருளிலும் குளிரிலும் இருந்தனர். அவர்களது வீட்டுக் கம்பிகளுக்கு யாதொரு தீங்கும் இல்லை. ஊர்களை இணைத்த நெடுங்கம்பிகளே துன்பத்தைக் கொண்டுவந்தன. அதன்பின் அந்நாட்டார் அத்தகைய ஓட்டத்தைத் தடுக்கும் கொள்ளளவிகளை நெடுங்கம்பிகளிற் பொருத்தினர். 2024ஆம் ஆண்டு மே மாதத்திலும் இருபதாண்டுகளில் காணாத வலிய புயல் பூமியை அடைந்தது. விண்ணிலுள்ள கருவிகள் முன்னறிவித்தமையால், மின்வலையமைப்புகளை நடத்துவோர் விழிப்புடன் இருந்தனர்.

வீட்டைக் காக்கும் வழிகள்

நிற்க. ஹவாயில் விளக்கணைந்த நாளிலே வீடுகளில் பெரும்பாலும் இருந்தவை இழைவிளக்கும் வால்வு வானொலியும் போன்றவையே. அவை முரட்டுப் பொருள்கள். இன்று மின்விளக்கின் அடியிலும் நுண்ணிய சிலிக்கன் சில்லு இருக்கின்றது. நம் நாட்டிலும் கூரைதோறும் சூரியப் படல்கள் ஏறுகின்றன. படல்களைவிட, அவற்றின் மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வேட்டரே மிக நொய்தானது. இதற்கு வீட்டார் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, எர்த். செப்புக்கோல் நிலத்துள் ஆழமாக இறங்கியிருத்தல் வேண்டும்; கம்பி துருவேறாமலும் தளராமலும் இருத்தல் வேண்டும். மின்சாரம், தொலைபேசி, அன்ரெனா, சூரியப் படல்களின் சட்டம் ஆகிய யாவும் ஒரே எர்த்துடன் இணைதல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எர்த் வைத்து, அவற்றை ஒன்றோடொன்று இணையாது விடின், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் கருவிகளினூடே பாயும்.

இரண்டாவது, மின்னெழுச்சியைத் தாங்கும் கருவி. கடைகளிலே இது சேர்ஜ் புரொடெக்டர் எனப்படும். இக்கருவிகளிற் பெரும்பாலானவற்றில் நாக ஒட்சைட்டினாலான சிறு வில்லை உண்டு. வழமையான அழுத்தத்தில் அது மின்சாரத்தைக் கடத்தாது. அழுத்தம் அளவுமீறியதும் கதவைத் திறந்தாற்போல் மிகையை எர்த்துக்கு அனுப்பிவிடும். இதனை மெயின் சுவிட்ச் பலகையிலும், படல்களிலிருந்து இன்வேட்டருக்கு வரும் கம்பியிலும் பொருத்துதல் வேண்டும். பொருத்தும் கம்பி குறுகியதாகவும் நேராகவும் இருப்பது இன்றியமையாதது. விரைந்து வரும் துடிப்புக்கு ஓரடி நீளமும் பெருந்தடையாம். எர்த் இல்லாத வீட்டில் இக்கருவி றிச்மனின் கோலுக்கு ஒப்பானது. பலமுறை தாக்கப்பட்டால் இவ்வில்லை தேய்ந்துபோகும். ஆகவே காலந்தோறும் பார்த்து மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, கம்பியின் போக்கு. படல்களிலிருந்து வரும் இரு கம்பிகளையும் அகலப் பிரித்து இழுத்தால், இடையிலுள்ள வெளி ஒரு பெரிய வளையமாகித் துடிப்பை ஏந்திக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தும் முறுக்கியும், இயலுமாயின் எர்த்துடன் இணைந்த உலோகக் குழாயினுள்ளும் கொண்டுவருதல் நன்று. இதற்கு மேலதிகச் செலவு சிறிது, பயன் பெரிது.

நான்காவது, பிரித்து வைத்தல். இடிமுழக்க வேளையிலும் சூரியப் புயல் அறிவிப்பின்போதும் கருவிகளின் பிளக்கைக் கழற்றி வைப்பது மிகப் பழைய, மிக நம்பத்தக்க காப்பாகும். ஆனால் இடி தலைக்குமேல் வந்தபின் கம்பிகளைத் தொடலாகாது. முதல் முழக்கம் தொலைவிற் கேட்கும்போதே செய்துவிட வேண்டும்.

ஐந்தாவது, பரடேயின் கூடு. குண்டினால் எழும் துடிப்புக்கு முன்னறிவிப்பு இல்லை. ஆதலின் அவசரத்துக்கு வேண்டிய சிறு வானொலி, கைவிளக்கு, மேலதிகமாக வாங்கிய கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றை இறுகமூடும் தகரப் பெட்டியில் வைக்கலாம். நல்ல பிஸ்கற் தகரமும் உதவும். பொருளைக் கடதாசி மட்டையாற் சுற்றி, தகரத்தைத் தொடாதவாறு வைத்தல் வேண்டும். மூடியும் வாயும் உலோகத்தோடு உலோகமாகப் பொருந்தும்படி, விளிம்பிலுள்ள வர்ணத்தைச் சுரண்டிவிட வேண்டும். உள்ளிருந்து ஒரு கம்பி வெளியே நீளுமாயின் கூடு கூடாக இராது.

இன்னுமொன்று கூறவேண்டும். மின்வலையமைப்புடன் மட்டும் இணைந்து பற்றரியின்றி இயங்கும் சூரியப் படல்கள், ஊர் மின்சாரம் நின்றால் தாமும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்வோரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன. கூரையிற் படல் இருப்பதால் நம் வீடு ஒருபோதும் இருளாது என எண்ணுவோர் இதனை அறிதல் நன்று.

பொதுக்காவல்

இத்தனையும் செய்தாலும் குண்டின் துடிப்பினின்று வீடு முற்றாகத் தப்பும் என எவரும் உறுதி கூறவியலாது. ஒரு கருவியை வாங்கிப் பொருத்திவிட்டால் எத்தீங்கும் அணுகாது என்று விளம்பரம் செய்வோரை நம்பிப் பணத்தை இழக்கலாகாது. நாம் மேலே கூறிய வழிகளின் நிச்சயமான பயன் வேறொன்று. நம் நாட்டிலே மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலைதோறும் இடி முழங்குகின்றது. மின்னல் கொல்லும் உயிர்களும் எரிக்கும் கருவிகளும் கற்பனையல்ல. அரிதாய் வரக்கூடிய பேரிடருக்குச் செய்யும் காப்பு, ஆண்டுதோறும் வரும் இடருக்கும் காப்பாகின்றது.

பெருந்துடிப்பைத் தடுத்த காப்பு எதுவென வரலாற்றை வினவினால், அது உலோகத்தாற் செய்யப்பட்டதன்று. 1962ஆம் ஆண்டின் பரிசோதனைகளாலும் கியூபா நெருக்கடியாலும் அஞ்சிய வல்லரசுகள், 1963ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆந் திகதி மொஸ்கோ நகரிலே ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீரினுள்ளும் அணுகுண்டுப் பரிசோதனை செய்வதில்லை என்பது அதன் சாரம். எல்லா நாடுகளும் அதனை உடனே ஏற்கவில்லை. ஆயினும் ஹவாயிலும் கசகஸ்தானிலும் நிகழ்ந்தது போன்ற விண்வெளி வெடிப்பு 1962ஆம் ஆண்டுக்குப்பின் நிகழவில்லை. பல வீடுகளின் விளக்குகளை ஒருசேரக் காத்தது அந்தக் காகிதமே.

ஆகவே இக்காவல் இருவகைப்படும். வானத்தை ஆயுதக்களம் ஆக்காதிருக்குமாறு கேட்பது ஊரும் உலகும் சேர்ந்து செய்யவேண்டியது. எர்த்தையும் கம்பியையும் செம்மை செய்வது வீட்டார் செய்யவேண்டியது. வீட்டுப் பலகையில் எர்த் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதைப் பெரியோர் இளைஞருக்குக் காட்டிக்கொடுத்தல் வேண்டும். இளைஞர்கள், தேர்ந்த மின்தொழிலாளர் ஒருவரை அழைத்து, முதலிற் சங்க மண்டபத்தின் எர்த்தையும், பின்னர் அயலிலுள்ள முதியோர் இல்லங்களின் எர்த்தையும் சோதிப்பிக்கலாம். அடுத்த இடிமுழக்க காலம் வருமுன்னரே இப்பணியைத் தொடங்குவோமாக.